எல்லாம் தாளில் எழுதியிருக்க, ஒத்திகை எதற்கு?

உப்புவெளியிலிருந்து கர்நாடக வயலின் கற்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிம்பொனி இசைக்குழுவில் அறுபது எழுபது பேரும் தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. பிறகு நாட்கணக்கில் ஒத்திகை எதற்கு? முன்னால் ஒருவர் கோலை அசைத்துக்கொண்டு நிற்பது எதற்கு? இளையராஜா 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் தமது சிம்பொனியை அரங்கேற்றியதிலிருந்து இந்த இசையைத் தேடிக் கேட்கிறேன். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை இரண்டு பதிவுகளில் கேட்டேன். இரண்டும் வெவ்வேறு படைப்புகள்போல இருந்தன."

இவர் உண்மையில் கேட்பது நடத்துநரின் கோலைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். மனோதர்மத்தில், அதாவது மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கும் முறையில், வளர்ந்த காது கேட்கும் கேள்வி இது: எழுதி வைத்த இசையில் வாசிப்பவருக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? அவருடைய கடைசி வரியிலேயே பாதி விடை வந்துவிடுகிறது. எல்லாம் தாளில் இருந்திருந்தால் அந்த இரண்டு பதிவுகளும் ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நான் திருகோணமலையில் தேவாலயப் பாடகர் குழு ஒன்றில் ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் படிக்கக் கற்று, பிறகு கொழும்பில் ஓர் இசைக்குழுவின் இரண்டாம் வயலின் வரிசையில் பல ஆண்டுகள் வாசித்தவன். இப்போது ஊரில் பிள்ளைகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்கிறேன். நடத்துநராக நான் நின்றதில்லை. ஆகவே இது நாற்காலியில் இருந்து பார்த்தவனின் பதில். தந்தி வாத்தியங்களைப் பற்றிக் கைப்பழக்கத்தில் சொல்கிறேன். ஊது வாத்தியங்களைப் பற்றி, அவர்களுக்கு முன்வரிசையில் இருந்து கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட ஐந்தாம் சிம்பொனியையே எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் தெரிந்த அந்த நான்கு சுரங்கள்: மூன்று குட்டையான 'ஜி', ஒரு நீண்ட 'ஈ பிளாட்'. தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டும் மட்டுமே அதை வாசிக்கின்றன. மேளம் இல்லை, டிரம்பெட் இல்லை. தாளில் முதலில் இருப்பது சுரமே அல்ல, ஒரு சிறிய மௌனக்குறி. தாளம் விழுந்த பிறகுதான் இசை எழுகிறது. உங்களுக்கு இது பழகிய விஷயம்தான்: அனாகத எடுப்பு. ஆனால் உங்கள் கச்சேரியில் தாளம் முன்பே ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அதற்கு முன் எதுவும் இல்லை. வெறும் நிசப்தத்திலிருந்து, மிக வேகமான காலப்பிரமாணத்தில், அத்தனை பேரும் ஒரே கணத்தில் சமத்தை, அதாவது தாளத்தின் முதல் தட்டை, விட்டு எடுக்க வேண்டும். நடத்துநர் கையை ஓங்கும் வேகத்தைப் பார்த்துத்தான் அந்தக் காலப்பிரமாணமே எங்களுக்குத் தெரியும். சிலர் ஒரே ஓங்கலில் எடுத்துக்கொடுப்பார்கள். சிலர் ஒரு வெற்றுத் தட்டைச் சேர்த்துக் கொடுப்பார்கள். எது என்று ஒத்திகையில் தெரிந்துகொள்ளாமல் மேடையில் ஏறினால் அந்த மூன்று சுரங்கள் மூன்றாகக் கேட்காது, பத்தாகச் சிதறும்.

நான்காவது சுரத்தின் மேல் ஒரு புள்ளியும் அதைக் கவிந்த வளைவும் இருக்கும். நிறுத்திப் பிடி என்று பொருள். எவ்வளவு நேரம் என்று எந்தத் தாளிலும் இல்லை. அடுத்த வரியில் அதே வடிவம் ஒரு சுரம் கீழே திரும்ப வருகிறது. அங்கே பிடிக்கும் சுரத்துக்குப் பீத்தோவன் ஓர் ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். எனவே இரண்டாவது பிடிப்பு முதலாவதைவிட நீளமானது என்பது உறுதி. எத்தனை மடங்கு, இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட வேண்டுமா, அல்லது ஒன்றின் வாலிலிருந்து மற்றது பாய வேண்டுமா என்பதெல்லாம் தாளுக்கு வெளியே இருக்கிறது. முதல் ஐந்து ஆவர்த்தனங்களுக்குள்ளேயே இத்தனை தீர்மானங்கள்.

இன்னும் கிட்டப் போய் வில்லைப் பாருங்கள். வில்லின் அடிப்பகுதி கனமானது, நுனி இலேசானது. கீழ்வில் இயல்பாகவே அழுத்தம் கொடுக்கும், மேல்வில் இயல்பாகவே எழும்பும். முதல் சுரத்தை மேல்வில்லில் தொடங்கினால் மேல், கீழ், மேல் என்று போய் நீண்ட சுரம் கீழ்வில்லில் முழு எடையோடு இறங்கும். கீழ்வில்லில் தொடங்கினால் அந்தக் குட்டைச் சுரங்கள் கூர்மையாக விழும், ஆனால் நீண்ட சுரம் மேல்வில்லில் மாட்டும். அல்லது வில்லைத் தூக்கி மறுபடி அடியில் வைக்க வேண்டும், அதற்கு நேரம் போதாது. பிடிப்பு நீண்டால் அந்தச் சத்தத்தில் ஒரு வில் போதவும் போதாது. ஒவ்வொருவரும் வெவ்வேறு கணத்தில் வில்லை மாற்றினால்தான் நடுவில் பொத்தல் விழாமல் இருக்கும். இவையெல்லாம் கேட்பவர் கண்ணுக்குப் படாத முடிவுகள். ஆனால் அந்த முகப்பு பாறை உருள்வதாகக் கேட்கிறதா, கத்தி வீசுவதாகக் கேட்கிறதா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. மேற்கத்திய இசையில் 'விளக்கம்' என்று பெரிய வார்த்தையில் சொல்வதில் பெரும்பகுதி இப்படி வில்லிலும் மூச்சிலும்தான் முடிவாகிறது. உணர்ச்சி அதன் மேல் வந்து அமர்கிறது.

ஆகவே ஆயத்தம் முதல் ஒத்திகைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நடத்துநர் எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறார். ஐந்தாம் சிம்பொனிக்கு நெடுங்காலம் புழங்கிய பழைய பதிப்பும் இருக்கிறது. 1990களில் ஜொனதன் டெல் மார் கையெழுத்துப் பிரதிகளையும் பழைய அச்சுகளையும் ஒப்பிட்டு உருவாக்கிய பதிப்பும் இருக்கிறது. நடத்துநரிடம் மட்டும்தான் எல்லா வாத்தியங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய முழுப் பிரதி இருக்கும். எங்கள் முன்னால் இருப்பது எங்கள் வரி மட்டும். இருபது ஆவர்த்தனம் சும்மா இருக்க வேண்டும் என்று அதில் எண் போட்டிருக்கும். அந்த இருபதில் மற்றவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று இருக்காது. முதல் வயலின் தலைவர் வில் குறிகளைப் பென்சிலால் எழுத, அது எல்லாத் தாள்களுக்கும் படியெடுக்கப்படும். ஒரு தாங்கிக்கு இரண்டு பேர். உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்ப, வெளிப்பக்கம் இருப்பவர் வாசித்துக்கொண்டிருப்பார். இங்கே மின்விசிறி ஓடும் மண்டபங்களில் அந்தத் தாள்களுக்கு உடுப்புக் கிளிப் போடாமல் ஒரு பக்கமும் வாசிக்க முடியாது.

சுருதி சேர்ப்பதையும் சொல்ல வேண்டும். ஓபோ என்ற ஊது வாத்தியம் 'ஏ' சுரத்தைக் கொடுக்கும். நொடிக்கு 440 அதிர்வு என்பது பொதுவான அளவு, ஐரோப்பாவில் சில குழுக்கள் 442, 443 என்று சற்று மேலே வைக்கின்றன. நம் வெப்பத்தில் இது ஒரு முறை சேர்த்துவிட்டு மறக்கும் காரியம் அல்ல. மண்டபம் சூடாக ஆக ஊது வாத்தியங்களின் சுருதி ஏறும், தந்திகள் தளர்ந்து இறங்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) சுருங்கி வழுக்கும். மாரியில் ஊறி அசைய மறுக்கும். குளிரூட்டிய மண்டபம் இல்லாத ஊரில் ஒரு சிம்பொனியின் நான்கு பகுதிகளையும் சுருதி பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தனி வித்தை.

ஒத்திகையில் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டே இருப்பதில்லை. தேர்ந்த குழுக்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று, நான்கு ஒத்திகைகளே கிடைக்கும். பகுதிநேரக் கலைஞர்களின் குழுவென்றால் வாரம் ஒன்றாகப் பல வாரம் போகும். தந்திகள் தனியாக, ஊது வாத்தியங்கள் தனியாக ஒரு சுற்று. பிறகு எல்லோரும் சேர்ந்து, சிக்கலான இடங்களை மட்டும் பிரித்துப் பிரித்து. ஓர் இடத்தைச் சொல்கிறேன். மூன்றாம் பகுதி முடிந்து நிற்காமல் நான்காம் பகுதிக்குள் நுழையும் பாலம். தந்திகள் மிக மெல்லிய ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்திருக்கும், டிம்பனி என்ற பெரிய மேளம் அடியில் தட்டிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஐம்பது ஆவர்த்தனம். சத்தம் ஏறுவது அதன் கடைசிச் சில ஆவர்த்தனங்களில்தான். ஆனால் வெளிச்சம் வரப்போகிறது என்று வாசிக்கும் எல்லோருக்கும் தெரியுமல்லவா, கை தன்னால் முன்கூட்டியே சத்தத்தை ஏற்றிவிடும். பாதியிலேயே ஏறிவிட்டால் நான்காம் பகுதியின் சி மேஜர் முழக்கம் வெடிக்கும்போது வெடிக்க எதுவும் மிச்சம் இருக்காது. அந்த இடத்தை நடத்துநர்கள் திரும்பத் திரும்ப நிறுத்துவார்கள், 'இன்னும் இல்லை, இன்னும் இல்லை' என்று. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த மூன்று டிரோம்போன்களும் பிக்கலோ என்ற சிறு புல்லாங்குழலும் கொன்ட்ராபசூன் என்ற மிகத் தாழ்ந்த ஒலியுள்ள ஊது வாத்தியமும் அந்தக் கணத்தில்தான் முதன்முறையாக நுழைகின்றன. அடக்கி வைத்ததன் பலன் அங்கே கிடைக்கிறது. எனக்கு இந்தச் சிம்பொனியில் மிகவும் பிடித்த ஒத்திகை வேலை இதுதான். ஒரு கூட்டமே சேர்ந்து பொறுமை பழகுகிறது.

வாத்தியங்களின் ஒலிச் சமநிலையும் இப்படித்தான். தாளில் எல்லோருக்கும் ஒரே 'மிக உரக்க' என்ற குறி இருக்கலாம். ஆனால் இன்றைய டிரம்பெட்டின் உரக்க வேறு, பசூன் என்ற மர ஊது வாத்தியத்தின் உரக்க வேறு. பீத்தோவன் காலத்து டிரம்பெட்டும் ஹோர்னும் வால்வு இல்லாதவை, ஓசையும் மெலிந்தது. இன்றைய வாத்தியத்தில் அதே குறியை அப்படியே வாசித்தால் இரண்டு ஓபோக்கள் ஊதுவது கேட்கவே கேட்காது. எனவே நடத்துநர் சிலருக்கு ஒரு படி குறைத்து எழுதிக்கொள்ளச் சொல்வார். எழுத்தை மீறித்தான் எழுதியவர் நினைத்ததை எட்ட முடிகிற இடம் அது.

இனி அந்தக் கோல். கோணேசர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து தீர்மானத்தில், அதாவது முடிக்கும் கோர்வையில், இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கண்சாடை போதும். நாலைந்து பேர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். சிம்பொனிக் குழுவில் முதல் வயலினுக்கும் பின்னால் இருக்கும் டிம்பனிக்கும் நடுவில் பதினேழு மீட்டர் இருந்தால், ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு எடுக்கும். சிறிதுதானே என்று தோன்றும். ஐந்தாம் சிம்பொனி முதல் பகுதியைப் பீத்தோவன் குறித்த வேகத்தில் வாசித்தால் ஒரு குட்டைச் சுரத்தின் நீளமே நொடியில் ஏழில் ஒரு பங்குதான். காதை மட்டும் நம்பினால் பின்வரிசை ஒரு சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு பிந்தும். அதனால்தான் பின்வரிசைக்காரர்கள் கேட்பதை விட்டுப் பார்ப்பதைப் பின்பற்றுகிறார்கள். தங்கள் காதுக்குச் சற்று முந்துவதுபோலத் தோன்றும்படி வாசிக்கிறார்கள். கண்ணுக்கு ஒளி உடனே வந்துவிடும். கோலின் முதல் வேலை இதுவே.

நடத்துநர் இல்லாமலே முடியாதா என்றால், முடியும். மாஸ்கோவில் 1922இல் தொடங்கிய பெர்சிம்ஃபான்ஸ் என்ற முழு இசைக்குழு பத்தாண்டு காலம் நடத்துநர் இல்லாமல் இயங்கியது. நியூயோர்க்கில் 1972இல் தொடங்கிய ஓர்ஃபியஸ் அறை இசைக்குழுவும் அப்படியே. ஆனால் ஒருவர் எடுக்கும் முடிவுகளை எல்லோரும் பேசி எடுக்க வேண்டும். ஒத்திகை நேரம் பெருகும். முடிவுகள் எப்படியும் எடுத்தாக வேண்டியவை. யார் எடுக்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது. மேடையில் நீங்கள் பார்க்கும் கையசைவு, ஏற்கெனவே எடுத்த முடிவுகளை நினைவூட்டுவது. நடத்துநரின் உழைப்பில் பெரும்பகுதி அதற்குமுன் முடிந்துவிட்டது.

ஒத்திகை போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சிம்பொனியின் பிறந்தநாளே சாட்சி. 1808 டிசம்பர் 22, வியன்னாவின் தியேட்டர் அன் டெர் வீன். ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகள், நான்காம் பியானோ கொன்சேர்ட்டோ, இன்னும் பல சேர்ந்து நான்கு மணி நேரம். மண்டபம் உறைய வைக்கும் குளிர், ஒத்திகையோ மிகக் குறைவு. இறுதி உருப்படி நடுவில் குலைந்து, நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. எழுதியவரே முன்னால் இருந்தார். அவர் எழுதிய தாள்களும் இருந்தன. அவை போதவில்லை.

உறுதியானதையும் சந்தேகத்துக்கு இடமானதையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் கேட்ட இரண்டு பதிவுகளின் வித்தியாசம் பெரும்பாலும் சந்தேகப் பரப்பில் இருந்து வருகிறது. வேகத்தைப் பாருங்கள். வேகத்தை எண்ணால் குறிக்க உதவும் தட்டுக் கருவியான மெல்ட்ஸெலின் மெட்ரோனோம் வந்தபின், 1817இல், பீத்தோவன் தமது அதுவரையான எட்டுச் சிம்பொனிகளுக்கும் எண் கொடுத்தார் என்பது உறுதி. ஐந்தாவதின் முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 108 தட்டு, ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரு தட்டு. மிகுந்த வேகம். நெடுங்காலம் பல நடத்துநர்கள் அதை நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஒதுக்கினார்கள். நடத்துநர் ஃபுர்ட்வெங்லரின் பதிவுகளில் அந்த முகப்பு பாரமாக, பிடிப்புகள் நீண்டு வரும். பழைய வாத்தியங்களோடு நடத்துநர் கார்டினர் 1990களில் செய்த பதிவு அந்த எண்ணை ஒட்டி ஓடும். பீத்தோவனின் மெட்ரோனோம் பழுதாக இருந்தது என்று சொல்லப்படுவது நிரூபிக்கப்படாத ஊகம். காது கேட்காத நிலையில் மனதுக்குள் ஓடிய வேகத்தை எழுதினார் என்பதும் ஊகம்தான். என் கருத்து: அந்த எண்ணை முதலில் மதித்து முயன்று பார்க்க வேண்டும். விலகுவதானால் அதற்கு மண்டபத்தின் எதிரொலியோ குழுவின் தன்மையோ காரணமாக இருக்க வேண்டும், பழக்கம் காரணமாக இருக்கக்கூடாது.

இன்னொன்று, நடத்துநர்கள் இன்றும் இரண்டு கட்சியாக நிற்கும் இடம். முதல் பகுதியில் இரண்டாவது கருப்பொருளை ஹோர்ன்கள் முழங்கி அறிமுகம் செய்கின்றன. பிற்பாதியில் அதே அறிமுகம் வேறு ஆதார சுருதியில் திரும்பும்போது பீத்தோவன் அதைப் பசூன்களுக்குக் கொடுத்துவிட்டார். அவர் காலத்து ஈ பிளாட் ஹோர்னில் அந்தச் சுரங்கள் தெளிவாக வராது. இன்றைய ஹோர்னில் வரும். அப்படியானால் ஹோர்னுக்கே கொடுத்துவிடலாமா? கொடுப்பவர்கள், அவர் கைவிலங்கைத்தான் அவிழ்க்கிறோம் என்கிறார்கள். பசூனிலேயே வைப்பவர்கள், அந்த விலங்கோடுதான் அவர் நினைத்தார் என்கிறார்கள். நான் பசூன் கட்சி. திரும்பி வரும்போது அந்த முழக்கம் சற்று வறண்டு ஒலிப்பது அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் மறுகட்சியைத் தவறென்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஷூபர்ட் என்ற இன்னோர் இசையமைப்பாளரிடம் இதைவிடச் சிக்கல். அவர் அழுத்தக்குறியை நீட்டி எழுதும் கை; அது மெல்லத் தேயும் குறிபோலவே இருக்கும். அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனியின் கடைசிச் சுரத்தில் இருப்பது அழுத்தமா, தேய்வா என்று இன்றும் ஒருமனதான முடிவு இல்லை. ஒரு பேனாக் கோட்டின் நீளத்தில் முழுப் படைப்பின் முடிவு தொங்குகிறது.

உங்கள் மனோதர்மக் கேள்விக்கு நேரான இடம் ஒன்று ஐந்தாவதின் முதல் பகுதியிலேயே உண்டு. பிற்பாதியின் தொடக்கத்தில், அந்த நான்கு சுர வேகம் மறுபடி பாய்ந்து வரும்போது, திடீரென்று எல்லோரும் நின்றுவிட, ஓபோ மட்டும் தனியாக, மெதுவாக ஒரு சிறு சஞ்சாரம் செய்கிறது. சுரங்கள் எழுதப்பட்டவை, 'அடாஜியோ' என்று வேகக் குறியும் உண்டு. ஆனால் தாளக்கட்டு அங்கே தளர்ந்துவிடுகிறது. எந்தச் சுரத்தில் தங்குவது, எங்கே மூச்சு எடுப்பது, எவ்வளவு தணிவது என்பது அந்த ஒருவர் கையில். நல்ல நடத்துநர் அங்கே கோலைத் தாழ்த்திவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்களைப் போல இராகம் விரித்துப் பழகியவருக்கு அது மிகச் சிறிய இடமாகத் தோன்றலாம். அளவு சிறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த இசையில் கற்பனை புதுச் சுரத்தைத் தேடிப் போவதில்லை. ஒரே சுரத்துக்குள், அதன் எடைக்குள், அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் மௌனத்துக்குள் தேடுகிறது. அதுவும் அறுபது பேர் ஒரே மனதாக.

கேட்கும்போது இதைச் செய்து பாருங்கள். ஐந்தாம் சிம்பொனியின் முழுப் பிரதி காப்புரிமை தீர்ந்தது, இணையத்தில் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். நடத்துநர் கிளைபர் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் 1974இல் பதிவு செய்ததையும் கார்டினருடையதையும் எடுத்து, முதல் பகுதியை மட்டும், ஏழு நிமிடம் அளவுதான், காட்சி இல்லாமல் கேளுங்கள். மூன்று இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு பிடிப்புகளின் நீளம், ஓபோவின் தனிமை, அதற்குச் சற்றுப் பின்னால் வரும் அந்த முழக்கம். அது பசூனா, ஹோர்னா என்று உங்கள் காதே சொல்லிவிடும். முடிந்தால் உங்கள் வயலினை எடுத்து அந்த நான்கு சுரங்களை மேல்வில்லில் ஒரு முறையும் கீழ்வில்லில் ஒரு முறையும் தொடங்கி வாசியுங்கள். எந்தப் பதிவில் எந்த வில் என்று ஊகித்து எழுதுங்கள், நானும் கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.